ஏக்கர் கணக்கில் நிவாரணம் வருகிறது, நடவு நட்ட வீட்டுக்கு என்ன வருகிறது?

கடைமடை_நாகை | 16 ஏப்ரல் 2025, இரவு 9.12

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டம் கீழையூர் பக்கம் எனக்கு ஒன்பது ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. நிலத்தடி நீர் உப்பு, போர் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. உர விலை, கொள்முதல், ஈரப்பதம் என்று இந்தத் தளத்தில் நிறையப் பேசியாயிற்று. இன்றைக்கு நான் எழுத வந்தது என் நெல்லைப் பற்றி இல்லை. என் வயலில் நடவு நட்ட வீடுகளில் சாப்பாடு குறைந்திருக்கிறது, அதைப் பற்றி.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்தது என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என் கணக்கில் ஏறியது. 2023-ல் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்தும் கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வராமல் குறுவை கருகியது. அக்டோபர் 10-ந் தேதி அணையையே மூடினார்கள். ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். அதை ஏக்கருக்கு வகுத்துப் பாருங்கள், 2017-ல் கொடுத்த அதே தொகைதான்.

போதுமோ போதாதோ, அது எனக்கு வந்த பணம். அந்த வருஷங்களில் என் வயலில் களை எடுக்க ஆள் தேவைப்படவில்லை, அறுக்க ஒன்றுமே இல்லை. அந்தக் கூலியை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. சிட்டா, அடங்கல் கேட்கிற விண்ணப்பத்தில் அவர்கள் எதை எழுதுவார்கள்?

இந்த வருஷம் வறட்சி என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2024-ல் அணை திறந்தது ஜூலை 28. எங்கள் பக்கம் குறுவை இல்லை. சம்பாவுக்கும் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் ஓடும் என்று தெரியாமல் பெரும்பாலானவர்கள் நேரடி விதைப்புக்குப் போனோம். நேரடி விதைப்பு என்றால் நாற்றங்கால் இல்லை, நாற்றுப்பறி இல்லை, நடவு இல்லை. களைக்கொல்லி அடித்துவிட்டால் களையெடுப்பும் இல்லை. அறுப்புக்கு பெல்ட் மிஷின். ஜனவரியில் அறுப்பு நேரத்தில் பெய்த மழையில் சாய்ந்த கதிரைக்கூட மிஷின்தான் அறுத்தது. ஒரு பெண்ணுக்கு ஆடியிலிருந்து தை வரை வயலில் கிடைத்த வேலை முழுக்கக் காணாமல் போயிருக்கிறது. நிவாரணம் கொடுக்க அதிகாரிகள் அளப்பது பயிர்ச் சேதத்தை. நடாமலே போன நடவு எந்தக் கணக்கிலும் வராது.

அப்புறம் நூறு நாள் வேலை. வேலை செய்த கூலி மாதக்கணக்கில் வரவில்லை. ஒன்றிய அரசிடமிருந்து 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று மாநில அரசு சொல்கிறது. இரண்டு அரசும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்க, வேலை செய்தவர்கள் வங்கிக்கு நடந்து நடந்து திரும்புகிறார்கள்.

மார்ச்சில் பயறு பிடுங்க வந்தார்கள். மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால் பழைய சோறு, உப்பு, பச்சை மிளகாய். எல்லோருக்கும் அதேதான். முன்பு ஒரு வாளியில் கருவாடு இருக்கும், இன்னொன்றில் கீரை இருக்கும், பகிர்ந்துகொள்வார்கள். ஒரு பெண் வாளியே கொண்டு வரவில்லை. கேட்டால் விரதம் என்றாள். அதற்கு முந்தின நாளும் விரதம் என்றுதான் சொன்னாள். சோறு கொண்டு வரச் சொன்னேன், வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், புருஷன் திருப்பூரில்.

பயிர் போனால் நிலத்துக்காரனுக்கு விதி இருக்கிறது. வேலை போனால் கூலிக்காரருக்கு என்ன விதி இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

---

மன்னை_பாலா | 16 ஏப்ரல் 2025, இரவு 10.03

அண்ணே, உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பசி என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை. பள்ளியில் காலை உணவு, மதியம் முட்டையோடு சாப்பாடு. வேறெந்த மாநிலத்தில் இவ்வளவு இருக்கிறது? நானும் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவன்தான். என் சின்ன வயதில் பார்த்த வறுமை இன்று இல்லை. ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற மிராசுதார்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

---

ஆரூரான் | 16 ஏப்ரல் 2025, இரவு 10.20

பாலா, நடவு நடக்கிற பத்து நாள் ஆள் கிடைக்காது. மற்ற நாள் ஆளுக்கு வேலை கிடைக்காது. இரண்டும் ஒரே ஊரில்தான் நடக்கிறது.

---

வயலோரப்பள்ளி | 17 ஏப்ரல் 2025, காலை 6.31

நான் திருவாரூர் மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் அம்மா நாற்பது வருஷம் நடவு நட்டவர். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பாலா அண்ணாவுக்கு. நீங்கள் சொன்ன திட்டங்கள் எல்லாம் உண்மை. அவை இல்லாவிட்டால் இந்தப் பக்கம் சாவு விழுந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரிசி இருப்பது வேறு, உடம்புக்கு வேண்டியதைச் சாப்பிடுவது வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு திட்டங்களும் ஓடுகிற மாநிலத்தின் கணக்கு இது. வீட்டில் காசு குறைந்தால் முதலில் நிற்பது காய்கறியும் முட்டையும் மீனும். அப்புறம் பருப்பு. சோறு மட்டும் கடைசிவரை இருக்கும். அந்தச் சோற்றையும் புருஷன், பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் அம்மாக்கள் தொடுவார்கள். 1,000 ரூபாய் வருகிற நாளன்று சுயஉதவிக்குழுக் கடனோ, நுண்நிதி நிறுவனத்தின் வாரத் தவணையோ அதைக் கொண்டுபோய்விடுகிறது. எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை வசூல்காரர் வந்து உட்கார்ந்தால் குழுவில் எல்லோரும் கட்டி முடிக்கும்வரை ஒருத்தரும் எழுந்து போக முடியாது. ஒருத்தியால் முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும்.

பள்ளியில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை போன வருஷம் வரை காலையில் இங்கே சாப்பிட்டவன், இந்த வருஷம் வாசலில் நின்று தங்கச்சி சாப்பிடுவதைப் பார்க்கிறான். சமைக்கிற அக்கா மனசு கேட்காமல் மிச்சத்தைப் போடுவார், ஆனால் திங்கட்கிழமை மிச்சமே இருக்காது. சனி ஞாயிறு முடிந்து வருகிற பிள்ளைகள் உப்புமாவை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்பார்கள். இதோ, இன்னும் சில நாளில் கோடை விடுமுறை. ஜூன் வரை அந்த மதியச் சாப்பாடும் கிடையாது.

இனி கடைமடை ஐயாவுக்கு. நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அரசாங்கம் கைவிட்டது என்பதோடு கதை முடியாது. அறுப்புக் கூலி நெல்லாகக் கிடைத்த காலத்தில் என் அம்மா தை மாசத்தில் அதைக் கொண்டுவந்து குதிரில் கொட்டி, வைகாசி வரை எங்களுக்குப் போட்டார். மிஷின் வந்தபோது அந்தக் குதிர் போயிற்று. மிஷினை அரசாங்கம் மட்டும் கொண்டுவரவில்லை. நீங்கள் எழுதுகிற இடத்திலிருந்து வெண்மணி எத்தனை தூரம் என்று உங்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்துபோனதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான். அதற்குப் பிறகுதான் 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நிலத்துக்காரர் பசியைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் இதெல்லாம் ஞாபகம் வரும். கோபத்தில் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

---

கடைமடை_நாகை | 17 ஏப்ரல் 2025, காலை 11.48

அம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் இங்கே பேச வேண்டியதுதான். வெண்மணி எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். இந்தப் பக்கத்து நிலத்துக்காரர் யாரும் கூலியைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

மிஷினைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தை மாசத்தில் மழை மிரட்டும்போது ஒன்பது ஏக்கரையும் கையால் அறுக்க எனக்கு ஆளும் கிடைக்காது, நாளும் போதாது. பக்கத்து வயலெல்லாம் மிஷின் அறுத்து முடித்தால் கொள்முதல் நிலையத்தில் என் நெல் கடைசியில்தான் நிற்கும். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்புவார்கள், இல்லை என்றால் அங்கேயே கொட்டிக் காயப்போட வேண்டும். மிஷின் இனித் திரும்பிப் போகாது. அதனால்தான் கேட்கிறேன், மிஷின் வந்த பிறகு அந்தக் குதிருக்குப் பதில் என்ன? மானியம் கொடுத்து மிஷினை ஊருக்கு அனுப்பிய அரசாங்கம் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவே இல்லை. வேளாண் பொறியியல் துறையில் நடவு மிஷினுக்கு எவ்வளவு மானியம், அறுவடை மிஷினுக்கு எவ்வளவு மானியம் என்று பலகையே இருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை குறையும் என்று எழுதிய பலகை எங்கேயும் இல்லை.

நேரடி விதைப்பும் அப்படித்தான். தண்ணீர் சிக்கனம் என்று துறையே அதை ஊக்குவிக்கிறது. எங்கள் மாதிரிக் கடைமடைக்கு அது சரியான யோசனைதான். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவன் நாற்றங்காலைப் பாவிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் ஒரு வட்டாரமே நடவை விட்டால், அந்த வட்டாரத்துப் பெண்களின் அந்த வருஷ வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும் என்று வேளாண்மைத் துறைக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பார்க்க வேண்டியது வேறு துறை. அந்த வேறு துறை எது என்று யாரிடம் கேட்டாலும் சரியான பதில் இல்லை.

நூறு நாள் வேலை அந்த இடத்தை நிரப்பத்தான் வந்தது. 2006-ல் தொடங்கியபோது எங்கள் ஊர் நிலத்துக்காரர்கள் பலர் திட்டினார்கள், கூலி ஏறிவிட்டது என்று. எனக்கு அப்போதும் அது சரியாகவே பட்டது. 319 ரூபாய் கூலி, இந்த ஏப்ரலிலிருந்து 336. வேலை முடிந்து 15 நாளில் பணம் வர வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் அது நாளைக்கு 16 காசு. அந்தப் 16 காசையும் எங்கள் ஊரில் யாரும் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

---

பாலக்கோடு_மானாவாரி | 17 ஏப்ரல் 2025, மாலை 4.15

தர்மபுரியிலிருந்து. உங்கள் பக்கம் நிலம் வைத்திருப்பவர் வேறு, கூலிக்குப் போகிறவர் வேறு. எங்கள் பக்கம் அப்படி இல்லை அண்ணா. எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. ராகி, அவரை, கொள்ளு. மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் நானும் நூறு நாள் வேலைக்குப் போகிறவன்தான். என் மனைவியும் நானும் ஒரே அட்டையில் இருக்கிறோம். எங்களுக்கும் நவம்பருக்கு அப்புறம் பணம் வரவில்லை.

வேலைக்கு வந்த கணக்கே இன்னொரு தலைவலி. காலையும் மதியமும் இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். எங்கள் ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது. பணித்தளப் பொறுப்பாளர் மேட்டுக்கு ஓடி ஏற்றுவார். ஏறாத நாளில் வேலை செய்தது செய்தது தான், கூலி கிடையாது.

அப்புறம் ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023-லிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம். களி சாப்பிடுகிற வீட்டுக்கு அது பெரிய உதவி. எங்களிடமே அதைக் கொள்முதலும் செய்கிறார்கள். டெல்டாவில் உளுந்து, பயறு விளைகிறதே, அதை உங்கள் ஊர் ரேஷன் கடையிலேயே ஏன் கொடுக்கக் கூடாது?

---

எடைத்தராசு | 17 ஏப்ரல் 2025, இரவு 8.40

நான் நியாயவிலைக் கடை விற்பனையாளர், மாவட்டம் சொல்லவில்லை. பாலக்கோடு அண்ணன் கேட்டது நல்ல யோசனை, ஆனால் வருகிற பருப்பையே சொல்கிறேன். அட்டை இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு கிலோ என்று பலகையில் இருக்கும். கடைக்கு வருகிற ஒதுக்கீடு அத்தனைக்கும் காணாது. போன வருஷம் மே, ஜூனில் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு வராமல் அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். முந்துகிறவர்களுக்கு முதலில். கூலி வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வரும்போது தீர்ந்திருக்கும். நான் சிலருக்கு எடுத்து வைப்பேன், அதற்கும் புகார் வரும்.

விரல் ரேகைப் பிரச்சினை இன்னொன்று. சேற்றிலும் உரத்திலும் வேலை செய்த கைக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும். எந்திரம் எடுக்காது. கண் பதிவு எந்திரம் இருந்தால் கொடுத்துவிடலாம். அதுவும் ஓடாத நாளில் கிழவிகளை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் மிகக் கஷ்டமான நேரம் அதுதான்.

---

மன்னை_பாலா | 17 ஏப்ரல் 2025, இரவு 9.55

படித்தேன். அம்மாவிடம் போனில் கேட்டேன், எங்கள் பழைய வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இரண்டு மாதமாகக் கடனுக்காக மன்னார்குடியில் துணிக்கடையிலும் நிற்கிறாராம். திட்டங்கள் இருக்கின்றன என்பதில் மாற்றமில்லை. ஆனால் மழை தவறுகிற வருஷத்துக்கு என்று தனியாக எதுவும் இல்லை என்று கடைமடை அண்ணன் சொல்வது எனக்கு இப்போது புரிகிறது. உண்மையிலேயே சட்டத்தில் எதுவும் இல்லையா?

---

ஓய்வு_வருவாய்த்துறை | 18 ஏப்ரல் 2025, காலை 7.05

இருக்கிறது. அதனால்தான் எழுத வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்தவன். 2017 வறட்சிக் கணக்கெடுப்பில் நானும் வயல் வயலாக நடந்தேன்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியை எதற்கு எப்படிச் செலவிடலாம் என்று ஒன்றிய உள்துறை விதிப் பட்டியல் போடும். விவசாயிகளுக்குக் கொடுக்கிற இடுபொருள் மானியம் அதில் ஓர் அயிட்டம். 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போயிருக்க வேண்டும். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 13,500 என்று இருந்தது, 2022-ல் வந்த பட்டியலில் 17,000 ஆயிற்று. பத்திரிகையில் வருவது இது மட்டும்தான்.

அதே பட்டியலின் முதல் பக்கத்திலேயே இன்னோர் அயிட்டம் இருக்கிறது. பேரிடரால் வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை. அதில் நிலம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 2015-20 பட்டியலில் பெரியவருக்கு நாளைக்கு 60 ரூபாய், பிள்ளைக்கு 45 ரூபாய். 2022 பட்டியலில் அதை மாற்றி, குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்கு அந்த மாநிலத்து நூறு நாள் வேலைக் கூலி விகிதத்தில் கொடுக்கலாம் என்றார்கள். சாதாரணமாக 30 நாள், தேவைப்பட்டால் 60, வறட்சி என்றால் 90 நாள் வரை. 319 ரூபாய் விகிதத்தில் இரண்டு பேருக்கு 30 நாள் என்றால் 19,140 ரூபாய். கடைமடை ஐயா ஏக்கருக்கு வாங்கிய தொகையோடு வைத்துப் பாருங்கள்.

பிறகு ஏன் வரவில்லை? நான் பார்த்தவரை காரணங்கள் மூன்று நான்கு உண்டு. ஒன்று, அரசு வறட்சி என்றோ பேரிடர் என்றோ அறிவித்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அணை தாமதமாகத் திறந்ததும் நடவு நடக்காததும் அறிவிப்பில் வராது. இரண்டாவது, பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கண்டறிந்து பட்டியல் போட்டு மாநிலம் சான்று தர வேண்டும். பயிருக்கு அடங்கல் இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வேலையிழந்த வீட்டுக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கள் அலுவலகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை. விவசாயச் சங்கங்கள் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கு மாதாமாதம் வரும், நிவாரணம் என்றால் அவர்கள் பேசுவது ஏக்கர்தான். கூலித் தொழிலாளர் சங்கங்கள் கூலியையும் மனைப் பட்டாவையும் பேசும். நடுவில் இந்த அயிட்டம் விழுந்து கிடக்கிறது.

முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்துக்குச் சென்னைப் பக்கம் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். போன வருஷம் ஃபெஞ்சல் புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் அட்டைக்கு 2,000. பட்டா யாரும் கேட்கவில்லை. ரேஷன் அட்டை போதும் என்று ஆயிற்று. தண்ணீர் அதிகமானால் அட்டையைப் பார்க்கிற அரசு, தண்ணீர் வராவிட்டால் மட்டும் பட்டாவைப் பார்க்கிறது. கஜா புயலிலும் இந்தக் குறை பார்த்தேன். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் தோப்புக்காரருக்கு வந்தது, வர வேண்டியதுதான். குடிசை போனவர்களுக்கும் உதவி வந்தது. ஆனால் தேங்காய் பறிக்கவும் உரிக்கவும் போனவர்களுக்கு அந்தத் தோப்பு திரும்பக் காய்க்கும்வரை வேலை இல்லை, அதற்குப் பெயரே யாரும் வைக்கவில்லை.

ஆசிரியை அம்மா கோடை விடுமுறையைச் சொன்னார்கள். 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று சொன்னது. ரேஷன் அட்டை இல்லை என்பதற்காக எந்த வீட்டுக்கும் தானியம் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. முட்டையோ பாலோ சேர்த்துக் கொடுக்கவும் சொன்னது. தமிழ்நாட்டில் சத்துணவுக் கூடம், ஆள், பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் அரசாணை போதும்.

---

ஆரூரான் | 18 ஏப்ரல் 2025, காலை 8.12

சார், வறட்சி அறிவித்தால் நூறு நாள் 150 ஆகும் என்பார்களே?

---

ஓய்வு_வருவாய்த்துறை | 18 ஏப்ரல் 2025, காலை 8.30

ஆமாம், கூடுதலாக 50 நாள். 2017-ல் இங்கே அறிவித்தார்கள். ஆனால் செய்த வேலைக்கே பணம் நிற்கும்போது நாளைக் கூட்டி என்ன பயன் என்பதுதான் இப்போதைய கேள்வி. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படியும் உண்டு, முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு. அதைக் கேட்க வேண்டுமென்றால் வேலை கேட்டதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வருகிறார்கள், ரசீது யாரும் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள்.

---

கடைமடை_நாகை | 18 ஏப்ரல் 2025, பிற்பகல் 2.20

சார், இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் விவசாயச் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன், அந்த முதல் பக்க அயிட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நாங்கள் ஏக்கரைத்தான் கேட்டோம், அரசாங்கம் ஏக்கரைத்தான் கொடுத்தது.

மே 1 கிராம சபை இருக்கிறது. ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்துவிட்டது, எங்கள் ஊரிலும் இப்போது தனி அலுவலர்தான். தலைவர் இருந்தபோது வீட்டு வாசலில் நின்று நூறு நாள் பணம் எங்கே என்று பெண்கள் சத்தம் போட முடிந்தது. இப்போது அதற்கும் ஆள் இல்லை. அதனால் கிராம சபையைத் தவறவிட முடியாது. தீர்மானமாக இதைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். 2024-25 சம்பா பருவத்தில் நடவும் அறுப்பும் இல்லாமல் வேலையிழந்த குடும்பங்களைக் கணக்கெடுத்துப் பேரிடர் விதியின் கீழ் வாழ்வாதார உதவி தர வேண்டும், பட்டா கேட்கக் கூடாது, ரேஷன் அட்டை அடிப்படையில். நூறு நாள் பாக்கியைத் தாமத இழப்பீட்டோடு கொடுக்க வேண்டும். மே மாதம் சத்துணவுக் கூடம் திறந்திருக்க வேண்டும். பாலக்கோடு தம்பி சொன்ன உளுந்து, பயறு யோசனையையும் சேர்க்கிறேன். எங்கள் ஊர்ப் பயறை வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறான், அதைப் பிடுங்கியவள் வீட்டில் பயறு இல்லை.

இனி அணை தாமதமாகத் திறக்கிற வருஷமெல்லாம், எத்தனை ஏக்கர் நடவு, எத்தனை ஏக்கர் நேரடி விதைப்பு என்று வேளாண்மை உதவி அலுவலர் எடுக்கிற கணக்கோடு, எத்தனை ஆள் நாள் குறைந்தது என்றும் எடுக்க வேண்டும். அதைச் செய்ய அவருக்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்காது.

---

வயலோரப்பள்ளி | 18 ஏப்ரல் 2025, மாலை 6.44

ஐயா, தீர்மானம் நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை நீங்கள் எழுந்து வாசிக்காதீர்கள். உங்கள் நடவுக் குழு அம்மா வாசிக்கட்டும், எழுதப் படிக்க வராவிட்டால் சொல்லட்டும். நிலத்துக்காரர் சொன்னால் மிராசு ஏதோ கணக்கில் பேசுகிறார் என்று அலுவலர் நினைப்பார், தெருக்காரர்களும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருங்கள், கையைத் தூக்குங்கள். கையெழுத்துப் பதிவேட்டில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.

எங்கள் ஊர்ப் பெண்களும் இதே தீர்மானத்தைக் கொண்டுவருவார்கள், நேற்றிரவு பேசினேன். எங்களுக்குச் சத்துணவுக் கோரிக்கைதான் முதலில். ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை காலை உணவு என்பதையும் சேர்க்கிறோம்.

---

கடைமடை_நாகை | 18 ஏப்ரல் 2025, இரவு 8.02

சரி அம்மா, அப்படியே செய்கிறேன். நாளைக் காலை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசுகிறேன். எங்கள் சங்கத்திலிருந்து வேறு சில நிலத்துக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், ஆதரவாகக் கை தூக்க.

---

ஓய்வு_வருவாய்த்துறை | 18 ஏப்ரல் 2025, இரவு 9.17

தீர்மானத்தின் வாசகத்தை இரண்டு ஊருக்கும் சேர்த்து நாளை மாலைக்குள் எழுதிப் போடுகிறேன். விதியின் எண்ணையும் வருஷத்தையும் குறிப்பிட்டே எழுதுகிறேன், இல்லாவிட்டால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் கொடுங்கள். நகல் கையில் வந்ததும் அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவோடு வைத்து, மனு எண் வாங்க வேண்டும். பட்டியலில் பெயர், அட்டை எண், கடைசியாக நூறு நாள் கூலி வந்த தேதி, இந்தப் பருவத்தில் யார் யார் வயலில் வேலை இல்லாமல் போனது என்று நான்கு கலம் போடுங்கள். கடைசிக் கலத்துக்கு நிலத்துக்காரர்களின் கையெழுத்து வேண்டும். கடைமடை ஐயா, அந்த வேலை உங்களுடையது.